நாயின் வெள்ளையணு கூடினால், குறைந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரத்தப் பரிசோதனை முடிவில் வெள்ளையணு எண்ணுக்குப் பக்கத்தில் மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ ஓர் அம்புக்குறி இருந்தாலே வீட்டில் கலக்கம் தொடங்கிவிடுகிறது. அந்த அம்புக்குறிக்குத் தனியாகப் பெரிய பொருள் கிடையாது. எந்த வகை அணு மாறியிருக்கிறது, நுண்ணோக்கியில் அதன் உருவம் எப்படி, நேற்றைக்கு இன்று எந்தப் பக்கம் போகிறது என்ற மூன்றும் தெரிந்தால்தான் எண் பேசும்.

வெள்ளையணு எவ்வளவு இருந்தால் சரி?

வளர்ந்த நாய்க்கு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஏறத்தாழ 6,000 முதல் 17,000 வரை. ஆய்வகத்துக்கு ஆய்வகம் சற்று மாறும். அதில் அடங்கும் வகைகளில் நியூட்ரோஃபில் 3,000–11,500, லிம்ஃபோசைட் 1,000–4,800, மோனோசைட் 150–1,350, ஈசினோஃபில் 100–1,250 என்று வைத்துக்கொள்ளலாம். பேசோஃபில் இருந்தால் ஒன்றிரண்டு.

பக்கத்துத் தெருவில் மனிதர்களுக்கான ஆய்வகத்தில் கொடுத்திருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே 11,000-ஐத் தாண்டினாலே 'அதிகம்' என்று அச்சாகிவிடும். நாய்க்கு 14,000 என்பது சாதாரணம். அந்த அம்புக்குறியை நம்பி மருந்து தொடங்கிய நாய்கள் உண்டு.

வெள்ளையணு வகைகளைச் சதவீதமாகப் பிரித்துக் காட்டும் டி.எல்.சி.யில் லிம்ஃபோசைட் 60 சதவீதம் என்று வந்திருக்கிறது. ஆபத்தா?

சதவீதத்தை அப்படியே படிக்கக் கூடாது. மொத்த எண்ணிக்கையோடு பெருக்கிப் பாருங்கள். மொத்தம் 3,200, லிம்ஃபோசைட் 60 சதவீதம் என்றால் 1,920 வருகிறது. அது சரியான அளவு. அதே தாளில் நியூட்ரோஃபில் 32 சதவீதம் இருந்தால் 1,024. குறை அங்கேதான். லிம்ஃபோசைட் கூடவில்லை, நியூட்ரோஃபில் சரிந்ததால் அதன் பங்கு பெரிதாகத் தெரிகிறது. ரத்தப் பரிசோதனைத் தாளில் இதைவிட அதிகமாகத் தவறாகப் படிக்கப்படும் இடம் இல்லை.

எண்ணிக்கை கூடினால் தொற்று என்றுதானே பொருள்? ஆன்டிபயாடிக் கொடுத்துவிடலாமா?

கூடாது, காரணம் தெரியும் வரை. நாயின் ரத்தத்தில் உள்ள நியூட்ரோஃபில்களில் ஏறக்குறையப் பாதி ஓட்டத்தில் இருக்கும். மீதி ரத்தக்குழாயின் சுவரை ஒட்டி உருண்டுகொண்டிருக்கும். ஊசியில் ரத்தம் இழுக்கும்போது வருவது ஓட்டத்தில் உள்ளவை மட்டும். பயத்தில் திமிறும் குட்டிக்கு அட்ரினலின் ஏறியதும் சுவரை ஒட்டியிருந்தவை ஓட்டத்துக்கு வந்துவிடும், எண்ணிக்கை கூடும். அரை மணி நேரத்தில் அடங்கிவிடும்.

வலி, அறுவை சிகிச்சை, நாள்பட்ட நோய், பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை ஆகியவை வேறு விதமான மாற்றத்தைக் காட்டும். முதிர்ந்த நியூட்ரோஃபில் கூடும், மோனோசைட் கூடும், லிம்ஃபோசைட் 1,000-க்குக் கீழே போகும், ஈசினோஃபில் ஏறக்குறைய மறைந்தே போகும். இந்த நான்கும் சேர்ந்து வந்தால் உடல் தன் ஸ்டீராய்டைச் சுரந்திருக்கிறது, அல்லது வெளியிலிருந்து யாரோ கொடுத்திருக்கிறார்கள். மொத்தம் 25,000 வரைகூடப் போகும், தொற்று ஒன்றுமே இல்லாமல். அரிப்புக்கு என்று கடந்த வாரம் போட்ட ஊசியைப் பற்றி மருத்துவரிடம் சொல்ல மறந்துவிட்டால், அவர் இல்லாத சீழைத் தேடிக்கொண்டிருப்பார். நாள்கணக்கில் ஸ்டீராய்டு கொடுத்திருந்தால் நிறுத்திய பிறகும் சில நாள்களுக்கு இந்த மாற்றம் நிற்கும்.

அப்படியானால் உண்மையான தொற்றை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஸ்மியரில். கண்ணாடித் தகட்டில் பூசிய ரத்தத்தைச் சாயமிட்டுப் பார்த்தால் முதிர்ந்த நியூட்ரோஃபிலின் உட்கரு மூன்று நான்கு துண்டுகளாக இடுங்கி, முடிச்சு முடிச்சாகத் தெரியும். முதிராத அணுவின் உட்கரு லாடம் போல வளைந்து, இரு பக்க விளிம்பும் இணையாக, எங்கும் இடுங்காமல் இருக்கும். இதைப் 'பேண்ட்' என்பார்கள். சாதாரணமாக 300-க்கு மேல் இருக்காது. 1,000-ஐத் தாண்டினால் எலும்பு மஜ்ஜை தன் இருப்பைத் தீர்த்துவிட்டு, முதிராதவற்றையும் அனுப்பத் தொடங்கிவிட்டது என்று பொருள். மருத்துவர்கள் 'லெஃப்ட் ஷிஃப்ட்' என்று சொல்வது இதைத்தான்.

மொத்தம் 24,000, அதில் பேண்ட் 2,000 என்றால் மஜ்ஜை சமாளிக்கிறது. மொத்தம் 5,000, அதில் பேண்ட் 2,600, முதிர்ந்தவை 1,200 என்றால் தேவைக்கு ஈடுகொடுக்க மஜ்ஜையால் முடியவில்லை. முதல் தாளில் அம்புக்குறி மேலே பார்க்கிறது, இரண்டாவதில் சற்றே கீழே. ஆனால் அன்றிரவே மருத்துவமனையில் சேர்க்கவேண்டியது இரண்டாவது நாயை.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். கடுமையான அழற்சியில் அவசர அவசரமாக உருவாகும் நியூட்ரோஃபிலில் உட்கருவைச் சுற்றியுள்ள சைட்டோபிளாசம் நீலம் பாரித்து, நுரைத்தது போலத் தெரியும். உள்ளே மங்கலான சாம்பல்நீலத் திட்டுகள் இருக்கும். இவற்றுக்கு டோலே திட்டுகள் என்று பெயர். 'டாக்ஸிக் மாற்றம்' என்று அறிக்கையில் எழுதியிருந்தால் நஞ்சு தின்றுவிட்டது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். நஞ்சுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. மஜ்ஜையின் அவசரத்தைக் காட்டும் அடையாளம் இது. மொத்த எண்ணிக்கை சரியாக இருந்தும் ஸ்மியரில் இது தெரிந்தால் அந்தச் 'சரி'யை நம்பாதீர்கள்.

கூடுவதைவிடக் குறைவது மோசமா?

பெரும்பாலும் ஆம். நியூட்ரோஃபில் ரத்தத்தில் சில மணி நேரமே இருக்கும். மஜ்ஜையில் புதிதாக ஒன்று உருவாகி முதிர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதனால் உற்பத்தி நின்றாலோ, உடலுக்குள் எங்காவது பெருமளவில் செலவானாலோ எண்ணிக்கை ஒரே நாளில் சரிந்துவிடும். 1,000-க்குக் கீழே போனால் நாயின் சொந்தக் குடல் கிருமிகளே ரத்தத்தில் புகுந்துவிட வாய்ப்பு உண்டு. 500-க்குக் கீழே, காய்ச்சலும் இருந்தால், நேரம் பார்க்காமல் மருத்துவமனை.

தடுப்பூசி போடாத மூன்று மாதக் குட்டி, வாந்தி, ரத்த பேதி, வெள்ளையணு 1,400. பார்வோவா?

முதலில் சந்தேகிக்கவேண்டியது அதைத்தான். பார்வோ வைரஸ் வேகமாகப் பிரியும் செல்களைத் தாக்கும். குடலின் உள்படலமும் எலும்பு மஜ்ஜையும் அத்தகையவை. மஜ்ஜையில் உற்பத்தி நிற்கிறது. இருக்கும் நியூட்ரோஃபில்களும் கிழிந்துபோன குடல் வழியாகச் செலவாகின்றன. பேதியில் செய்யும் துரிதக் கிட் பரிசோதனையோடு சேர்த்துப் படித்தால் பதில் தெளிவாகும். சில நாள்களுக்கு முன்புதான் தடுப்பூசி போட்டிருந்தால் கிட்டில் பொய்யாகவும் கோடு விழலாம். நோயின் முதல் நாளில் வெள்ளையணு சரியாக இருப்பதும் உண்டு. அதை வைத்துப் பார்வோ இல்லை என்று வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

இந்தக் குட்டிக்குத் தினமும் எண்ணிக்கை பார்ப்பது வீண்செலவு இல்லை. 24 முதல் 48 மணி நேரத்தில் ஏறத் தொடங்கினால் தேறும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. மோனோசைட் முதலில் எட்டிப்பார்க்கும், நியூட்ரோஃபில் பின்னால் வரும். தேறும்போது எண்ணிக்கை 25,000-ஐத் தாண்டி, பேண்டும் ஏராளமாக வருவது உண்டு. குட்டி எழுந்து தண்ணீர் குடிக்கிறது, பேதி நின்றுவிட்டது என்றால் அந்த ஏற்றத்தைக் கண்டு பயப்பட வேண்டாம், மஜ்ஜை விழித்துக்கொண்டது அவ்வளவுதான்.

உண்ணிக்காய்ச்சலில் வெள்ளையணு எப்படி மாறும்?

நம் ஊர் நாய்களில் அடிக்கடி காணும் உண்ணிக்காய்ச்சலுக்குக் காரணம் எர்லிகியா கேனிஸ் என்ற பாக்டீரியா. 1935-இல் அல்ஜீரியாவில் முதலில் விவரிக்கப்பட்டது. பழுப்பு நாய் உண்ணி கடித்து 8 முதல் 20 நாள்களில் நோய் தொடங்கும். பாக்டீரியா குடியேறுவது மோனோசைட்டுக்குள். அங்கே மல்பெரிப் பழம் போன்ற ஊதா நிறத் திட்டாக, 'மொருலா' என்ற வடிவில் தெரியும். ஆனால் தேடினால் கிடைப்பது அரிது. தொடக்கக் கட்டத்திலேயே 100 நாய்களில் ஏறக்குறைய 4-இல்தான் சாதாரண ஸ்மியரில் சிக்கும். காது நுனியில் குத்தி எடுத்த ரத்தத்தையோ, ரத்தத்தைச் சுழற்றினால் நடுவில் படியும் வெள்ளையணுப் படலத்தையோ தகட்டில் பூசிப் பார்த்தால் வாய்ப்புக் கூடும். 'ஸ்மியரில் ஒன்றுமில்லை' என்ற ஒரே வரியை வைத்து உண்ணிக்காய்ச்சலை ஒதுக்கிவிடாதீர்கள்.

எண்களில் முதலில் விழுவது பிளேட்லெட். 2 லட்சத்துக்கு மேல் இருக்கவேண்டியது 50,000-க்கும் கீழே போகும். வெள்ளையணு தொடக்கத்தில் சற்றுக் குறையும், அல்லது சரியாகவே இருக்கும். பிறகு நாய் தேறியது போல மாதக்கணக்கில் ஓடியாடும். சில நாய்களில் அதற்குப் பின் நாள்பட்ட கட்டம் வரும்: மஜ்ஜையே சோர்ந்து சிவப்பணு, வெள்ளையணு, பிளேட்லெட் மூன்றும் சேர்ந்து விழும், மூக்கிலிருந்து ரத்தம் வரும், ஈறு வெளுக்கும். அந்தக் கட்டத்தில் மருந்துக்குப் பலன் குறைவு. அதனால்தான் தொடக்கத்திலேயே பிடிக்கவேண்டும் என்கிறோம்.

மருந்து டாக்ஸிசைக்ளின். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம், 28 நாள். தொடக்கக் கட்டம் என்றால் இரண்டு மூன்று நாளில் நாய் சாப்பிடத் தொடங்கிவிடும், சிகிச்சை கெடுவதும் அங்கேதான்: ஐந்தாம் நாள் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். சாப்பாட்டோடு கொடுங்கள், பின்னால் தண்ணீரும் உள்ளே போகட்டும். மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் புண்ணாகும். தயிர்சாதத்தில் வைத்துக் கொடுக்கும் பழக்கம் இந்த மருந்துக்கு ஆகாது, கால்சியம் மருந்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். பரிசோதனை செய்வதாக இருந்தால் முதல் மாத்திரைக்கு முன்பே ரத்தம் எடுத்துவிட வேண்டும். ஆன்டிபாடி கிட் நோய் குணமான பிறகும் மாதக்கணக்கில் பாசிட்டிவ் காட்டும், எனவே சிகிச்சை பலித்ததா என்று பார்க்க அது உதவாது. பிளேட்லெட் எண்ணிக்கையைப் பாருங்கள்.

அதே உண்ணி வேறு ஒட்டுண்ணிகளையும் கொண்டுவரும். பபேசியா சிவப்பணுவுக்குள் இருக்கும். ஹெபட்டோசூன் நியூட்ரோஃபிலுக்குள் நீள்வட்டமாக, உட்கருவை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு படுத்திருக்கும். இது உண்ணி கடித்து வருவதில்லை, நாய் தன் உடம்பிலிருக்கும் உண்ணியைக் கடித்து விழுங்குவதால் வருகிறது. இவை இரண்டும் டாக்ஸிசைக்ளினால் மட்டும் தீராது. 'உண்ணிக்காய்ச்சல்' என்ற ஒரே பெயரில் எல்லாவற்றுக்கும் ஒரே மாத்திரை கொடுப்பதில் உள்ள சிக்கல் இதுதான்.

ஈசினோஃபில் மட்டும் கூடியிருக்கிறது.

குடற்புழு, தெள்ளுப்பூச்சி, இதயப்புழு, ஒவ்வாமை என்ற வரிசையில் பாருங்கள். நம் பகுதியில் கொக்கிப்புழுதான் முதல் சந்தேகம், அதிலும் ஈறு வெளுத்த குட்டிகளில். மலப் பரிசோதனை ஒரு முறை சுத்தமாக வந்தாலும் புழு இல்லை என்று ஆகாது, முட்டை தினமும் வெளிவருவதில்லை. ராட்வைலர் போன்ற சில இனங்களில் காரணம் பிடிபடாமல் மிக அதிகமாகக் கூடுவதும் உண்டு. தோல் அரிப்பு உள்ள நாயில் ஈசினோஃபில் சரியாக இருந்தால், அதற்காக ஒவ்வாமை இல்லை என்று சொல்லிவிட முடியாது.

லிம்ஃபோசைட் கூடினால் புற்றுநோயா?

குட்டிகளில், அதுவும் தடுப்பூசி போட்ட பிறகு, 7,000–8,000 வந்தால் பொருட்படுத்த வேண்டாம். நாள்பட்ட எர்லிகியாவிலும் சில நாய்களில் கூடும். வயதான நாயில் சிறிய, முதிர்ந்த லிம்ஃபோசைட்டுகள் 20,000-ஐத் தாண்டி, வாரக்கணக்கில் அப்படியே நின்றால் நாள்பட்ட லிம்ஃபோசைட் ரத்தப்புற்றை நினைக்கவேண்டும். அதன் போக்கு மெதுவானது. சில நாய்கள் நன்றாகவே காலம் தள்ளும். ஸ்மியரில் பெரிய, முதிராத 'பிளாஸ்ட்' அணுக்கள் நிறையத் தெரிந்தால் கதை வேறு, வாரங்களில் முற்றும்.

நிணநீர்க் கட்டிப் புற்றான லிம்ஃபோமாவில் பெரும்பாலான நாய்களுக்கு ரத்த எண்ணிக்கை சரியாகவே இருக்கும். எண்ணைப் பார்ப்பதைவிடக் கையால் தடவிப் பாருங்கள்: தாடைக்குக் கீழே, தோள்பட்டைக்கு முன்னால், பின்னங்கால் முட்டிக்குப் பின்னால். வலியில்லாத, கெட்டியான உருண்டை இருபுறமும் அகப்பட்டால் ஊசியால் உறிஞ்சிப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு முன் யார் சொன்னாலும் பிரெட்னிசலோன் வேண்டாம். கட்டி சட்டென்று கரையும், மாதிரியில் நோய் தெரியாமல் போகும், பின்னால் வரும் சிகிச்சையின் பலனும் குறையும்.

60,000 என்று வந்திருக்கிறது. இது ரத்தப்புற்றுதானே?

பெண் நாயா, கருத்தடை செய்ததா என்பதை முதலில் கேட்போம். பருவம் முடிந்து 4 முதல் 8 வாரத்தில் கருப்பையில் சீழ் பிடிப்பது நடுவயதுப் பெண் நாய்களில் சாதாரணமாக நடப்பது. தண்ணீர் நிறையக் குடிக்கும், சோறு இறங்காது, பிறப்புறுப்பில் கசிவு இருக்கலாம். கருப்பை வாய் மூடியிருந்தால் கசிவே தெரியாது, அதுதான் அதிக ஆபத்து. ஸ்கேன் சில நிமிட வேலை, சிகிச்சை அறுவைதான். கருப்பையை எடுத்த மறுநாள் எண்ணிக்கை இன்னும் ஏறும்: சீழுக்குள் போய்க்கொண்டிருந்த அணுக்களுக்குப் போக இடமில்லை, மஜ்ஜை அதே வேகத்தில் அனுப்பிக்கொண்டிருக்கிறது. நாய் தெளிவாக இருந்தால் இதற்காக ஆன்டிபயாடிக்கை மாற்றத் தேவையில்லை.

சிவப்பணுவை உடலே அழிக்கும் ரத்தசோகை, உடலுக்குள் பெரிய சீழ்க்கட்டி, ஹெபட்டோசூன் ஆகியவையும் 50,000-ஐத் தாண்டவைக்கும். இவற்றையெல்லாம் தேடி முடித்த பிறகு ரத்தப்புற்றுக்கு வரலாம்.

நாய் சுருண்டு படுத்திருக்கிறது, ஆனால் எண்ணிக்கை எல்லாம் சரியாக இருக்கிறது. எப்படி?

சிறுநீர்ப்பைத் தொற்று, தோல் புண், காதுச் சீழ் போன்றவை பெரும்பாலும் ரத்தத்தில் தெரியாது. கருப்பைச் சீழிலும் சில நாய்களுக்கு எண்ணிக்கை சரியாகவே வரும்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. கடுமையாக நோயுற்ற நாயில் லிம்ஃபோசைட்டும் ஈசினோஃபிலும் குறைந்திருக்கவேண்டும். வாந்தி, தளர்ச்சி, நடுக்கம் எல்லாம் இருந்தும் லிம்ஃபோசைட் 2,500, ஈசினோஃபில் 600 என்று இருந்தால் அட்ரினல் சுரப்பி உடலின் சொந்த ஸ்டீராய்டான கார்ட்டிசாலைச் சுரக்கவில்லையோ என்று சந்தேகிக்க வேண்டும். அடிசன் நோய் இப்படித்தான் பலமுறை தப்பிவிடுகிறது. தாளில் அம்புக்குறியே இல்லாததால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சோடியம், பொட்டாசியம் பார்த்து, கார்ட்டிசாலும் பாருங்கள். ஸ்டீராய்டு எதுவும் கொடுக்காத நாயில் கார்ட்டிசால் டெசிலிட்டருக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் அடிசன் பெரும்பாலும் இல்லை.

எந்திரம் எண்ணியதை மறுபடி கண்ணால் எண்ண வேண்டுமா?

எந்திரம் உட்கரு உள்ள எதையும் வெள்ளையணுவாக எண்ணிவிடக்கூடும். கடும் ரத்தசோகையில் மஜ்ஜையிலிருந்து வெளிவரும் உட்கருவுள்ள சிவப்பணுக்களும் அதில் சேர்ந்துவிடும். 100 வெள்ளையணுவுக்கு அப்படி 50 இருந்து, எந்திரம் 18,000 காட்டினால் உண்மை எண்ணிக்கை 18,000-ஐ 100-ஆல் பெருக்கி 150-ஆல் வகுக்க வருவது, அதாவது 12,000. பிளேட்லெட் திரண்டு கட்டியானாலும் குழப்பம் வரும். பேண்டையும் டாக்ஸிக் மாற்றத்தையும் சிறிய எந்திரங்கள் நம்பத்தக்க விதத்தில் சொல்வதில்லை.

சரிபார்க்க எளிய வழி: 40 மடங்கு லென்ஸில், அணுக்கள் ஒற்றை அடுக்காகப் பரவிய இடத்தில், பத்துப் பார்வைப் புலங்களில் எண்ணிச் சராசரி எடுத்து 1,600-ஆல் பெருக்குங்கள். சராசரி 6 என்றால் 9,600 அளவில் இருக்கிறது. எந்திரம் 22,000 என்றால் இரண்டில் ஒன்று தவறு.

ரத்தம் எடுக்கும்போது என்னென்ன கெடுகிறது?

ரத்தம் உறையாமல் தடுக்கும் இ.டி.டி.ஏ. மருந்துள்ள ஊதா மூடிக் குழாயில் குறித்த கோடு வரை நிரப்ப வேண்டும். 2 மில்லி குழாயில் அரை மில்லி விட்டால் மருந்து மிகுந்து அணுக்கள் சுருங்கும். சிறு நாய்க்குக் குழந்தைகளுக்கான அரை மில்லிக் குழாய் போதும். உடனே எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள், குலுக்கக் கூடாது. நரம்பைத் தேடித் தேடிக் குத்திய ரத்தத்தில் கட்டி விழும், எண்ணிக்கை குறையும். அதைத் திரும்ப எடுப்பதே மேல்.

ஸ்மியரை ரத்தம் எடுத்த கையோடு இழுத்துவிட வேண்டும். குழாயில் மணிக்கணக்கில் நின்ற நியூட்ரோஃபிலில் ஓட்டை ஓட்டையாக விழும், அதை டாக்ஸிக் மாற்றம் என்று எழுதிவிட நேரும். குழாயைக் குளிர்பெட்டியில் வைக்கலாம், 24 மணி நேரம் வரை. தகட்டை வைக்கக் கூடாது, ஈரம் கோக்கும். திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலின் பாட்டிலோடு ஒரே பையில் தகட்டை அனுப்பாதீர்கள். ஆவி பட்டாலே சாயம் பிடிக்காது.

இனத்துக்கு இனம் மாறுமா?

கிரேஹவுண்டுக்கு இயல்பாகவே வெள்ளையணுவும் பிளேட்லெட்டும் குறைவு, சிவப்பணு அதிகம். ஆஸ்திரேலியன் ஷெப்பர்டு உள்ளிட்ட சில இனங்களில் பெல்கர்-ஹூயட் என்ற பரம்பரைத் தன்மை உண்டு: எல்லா நியூட்ரோஃபிலும் பேண்ட் போலவே தெரியும், ஆனால் நாய் துள்ளிக்கொண்டிருக்கும். சாம்பல்நிறக் கோலி குட்டிகளில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நியூட்ரோஃபில் விழுந்து எழும் நோய் ஒன்று இருக்கிறது.

பப்பாளி இலைச் சாறு, ஈரல், சத்து டானிக் கொடுத்தால் ஏறுமா?

காரணத்தைத் தீர்க்காமல் வெள்ளையணுவை ஏற்ற வீட்டு வைத்தியம் கிடையாது. டாக்ஸிசைக்ளினுக்குப் பதிலாகச் சாறு கொடுத்து ஒரு வாரம் காத்திருப்பதுதான் பெரிய கேடு. எண்ணிக்கை குறைந்த நாய்க்குப் பச்சை இறைச்சி, பச்சை முட்டை வேண்டாம், வெந்த சாப்பாடு மட்டும். மற்ற நாய்களோடு விடாதீர்கள். காய்ச்சலை ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பாருங்கள், மூக்கு ஈரத்தை வைத்துச் சொல்ல முடியாது: 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை சரி. காய்ச்சலுக்கு நீங்களாக ஐபுபுரூஃபன் கொடுத்தால் வயிற்றில் புண்ணாகும், சிறுநீரகம் கெடும்.

மறுபடி எப்போது பரிசோதிக்க வேண்டும்?

பார்வோ, ரத்தத்தில் கிருமி பரவல் என்றால் தினமும். புற்றுநோய் மருந்து கொடுத்த நாய்க்கு ஏழாம் நாளையொட்டி, அப்போதுதான் எண்ணிக்கை அடிமட்டத்தில் இருக்கும். எர்லிகியாவுக்கு இரண்டாம் வாரமும் மருந்து முடிந்த பிறகும். தெளிவாக ஓடியாடும் நாயில் 18,500 என்று தற்செயலாகத் தெரிந்தால் மருந்து இல்லாமல் ஒரு வாரம் விட்டு, முடிந்தவரை அதே ஆய்வகத்தில், நாயைக் கொஞ்ச நேரம் அமைதியாக உட்காரவைத்துவிட்டு எடுங்கள். பழைய தாளையும், கடந்த ஒரு மாதத்தில் கொடுத்த எல்லா மருந்தின் அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.